பனிக்கிரகத்தின் பனி

இராயபுரம்
8 செப்டம்பர் 2024

மரியே வாழ்க.

அன்புள்ள எல்சி அக்காவுக்குத் தம்பி நோயல் எழுதுவது. நானும் ஜானட்டும் இங்கே சுகமாக இருக்கிறோம். மாதா பிறந்தநாள் பூசைக்குப் போய்விட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். மடத்துக் கம்பிக்குப் பின்னால் நீ எப்படி இருக்கிறாய்? இன்னும் பூசைக்கு அப்பம் சுடுகிற அறையில்தான் போட்டு வாட்டுகிறார்களா?

ஒரு கூத்து நடந்தது. எனக்கு ரசிகை வந்துவிட்டாள். வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு பெண், பெயர் ஆஃபியா, கேமராவும் கையுமாக வாசலில் நின்றாள். "அங்கிள், பனிக்கிரகம் படத்துல இரும்பன் வேசம் கட்னது நீங்கதானா?" என்று கேட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஜானட் என்னை ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் படத்துக்கு நாற்பது வயதாம். எடுத்தபோது நடந்த சங்கதிகளைச் சேர்த்து ஒரு புத்தகம் போடுகிறார்களாம். எண்ணூர் உப்பு குடோனில் செட் போட்டு எடுத்த படம். வந்தபோது தியேட்டரில் ஈ ஓட்டினார்கள், இன்றைக்கு ஐடி கம்பெனிப் பிள்ளைகள் அதைக் கொண்டாடுகிறார்களாம். எழுத்து ஓடும்போது என் பெயர்கூடப் போடவில்லை, இவளாகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். யார் தெரியுமா? பெரிய காத்தாடி வைத்துப் பனி ஊதுவானே கமால், என் தோஸ்து, அவன் மகள். கமால் போன வருஷம் இறந்துவிட்டானாம். எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

உனக்கு ஞாபகம் இருப்பதையெல்லாம் எழுது. எனக்குச் சோறு கொண்டுவந்தே பாதி யூனிட் ஆளாகிவிட்டவள் நீ. உன் ஜெபத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்.

தம்பி நோயல்

*

மேல்மலை மடம்
29 செப்டம்பர் 2024

சேசு மரி சூசை.

பிரியமுள்ள தம்பி நோயலுக்கு, ஆண்டவர் உன் வீட்டைக் காப்பாராக. ஜானட்டின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கமாலுக்காக இன்றைக்கு ஒரு ஜெபமாலை சொன்னேன். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

உன் கடிதத்தை மதரிடம் படித்துக் காட்டினேன். "சிஸ்டர் எல்சி சினிமாவில் நடித்தவரா?" என்று வாய்பொத்திச் சிரித்தார். அந்தப் பெண்ணிடம் பனியைப் பற்றிச் சொல். முதலில் எண்ணூர் உப்பைத்தான் கொட்டினார்கள். கடல்காற்றில் கசிந்து சேறாகிப் போனது. பிறகு தெர்மோகோல். விளக்குச் சூட்டில் அது தீப்பிடித்து உன் இரும்புக் கை கருகியது. அப்புறம்தான் கொருக்குப்பேட்டைப் பழைய சாமான் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக அந்த வெள்ளைப் பஞ்சு வந்தது. பழைய கப்பல்களில் பாய்லர் குழாய்மேல் சுற்றியிருந்ததை உரித்ததாம். தீயும் பிடிக்கவில்லை, கரையவும் இல்லை. "நைனா, இன்னா மெத்துனு கீது பாத்தியா, மெத்த தெச்சிக்கலாம்" என்று கமால் அதில் புரண்டான்.

கடைசிக் காட்சியில் கிரகத்து ஜனங்கள் எல்லாரும் செத்துக் கிடப்பார்களே, அதில் நானும் ஒருத்தி. சோற்றுத் தூக்கை வைத்துவிட்டுத் திரும்பினால் உதவி டைரக்டர், "யம்மா, பொணம் ஒண்ணு கொறையுது, வந்து படுக்கிறியா?" என்றார். ஆசையாகப் போய்ப் படுத்தேன். ஒரு வாரம் செத்தேன். மூச்சு விட்டால் பனி அசையும் என்று அடக்கச் சொல்வார்கள். கட் சொன்னதும் பிணங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து மூச்சை இழுக்கும். கமால் விழுந்து விழுந்து சிரிப்பான்.

எனக்குச் சுகந்தான். மாவுத் தூசியில் கொஞ்சம் இருமல். ஜனவரியில் வழக்கம்போல் பார்க்க வருவாய் அல்லவா?

அக்கா எல்சி

*

இராயபுரம்
20 அக்டோபர் 2024

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் நன்றாகவே இருக்கிறோம். ஜானட்டின் இடுப்பு அவள் வாயைப்போல வேலை செய்கிறது. உன் இருமலுக்குச் சுக்கு, மிளகு தட்டிப் போட்டுக் குடி.

உன் பனிக்கதையைக் கேட்டு ஆஃபியா குதித்தாள். புத்தகத்தில் அதுதான் முதல் சங்கதியாம். அவள் எனக்கு ஒன்று காட்டினாள். இரும்பன் பேசுவதற்கு முன் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பான் அல்லவா? அது இயந்திரத்துக்கு இரக்கம் பிறப்பதைக் காட்டுகிறது என்று யாரோ ஒரு பேராசிரியர் பெரிய கட்டுரையே எழுதியிருக்கிறார். வேர்வை கண்ணில் இறங்கும், துடைக்கக் கை எட்டாது, அதனால் சாய்த்தேன் என்றேன். "அங்கிள், இத வெளிய சொல்லாதீங்க" என்றாள். காலை மடக்காமல் நடப்பதையும் ரசிகர்கள் இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார்களாம். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக் காலில் கட்டினால் கடவுளே ஆனாலும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

மூன்று படி ஏறினாலே நின்றுவிடுகிறேன் என்று ஜானட் டாக்டரிடம் போகச் சொல்கிறாள். முழங்கால்தான், வேறு ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி நோயல்

*

மேல்மலை மடம்
24 நவம்பர் 2024

சேசு மரி சூசை.

பிரியமுள்ள தம்பிக்கு, நீங்கள் இருவரும் ஆண்டவர் கிருபையால் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதத்தை வாசித்த அன்று சிரிப்பு அடங்கவில்லை, சிரித்ததில் இருமல் வந்து, இருமியதில் பீடத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. எங்கள் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. கிறிஸ்துமஸ் வரை கடிதம் எழுதுவதும் இல்லை, வாங்கிப் படிப்பதும் இல்லை. வருகிறதை மதர் அலமாரியில் வைத்துப் பண்டிகை அன்று தருவார். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்திலும் அப்படியே. வாய்க்குப் பூட்டுப் போடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பாடகர் மாடத்துக்கு ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குகிறேன். சிறிய சிஸ்டர்கள் "கிழவி ஏறிட்டாளா" என்று மேலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். இத்தனை வருஷம் மாவில் கிடந்தால் நெஞ்சு என்ன செய்யும். கிறிஸ்துமஸ் வாழ்த்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்கா எல்சி

*

இராயபுரம்
28 டிசம்பர் 2024

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்குப் பண்டிகை வாழ்த்து. இங்கே எல்லாம் நல்லபடி. கேக் வாங்கினோம், ஜானட் வைத்த வின்தாலு கறியில் தெருவே மணத்தது.

ஜனவரியில் வர முடியாது, அக்கா. முழங்கால் பஸ்ஸில் மடங்க மாட்டேன் என்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

ஆஃபியா வந்திருந்தாள். வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்கவில்லை. அவள் வாப்பா இறந்ததைச் சொன்னாள். டிபி என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்களாம். கடைசியில் படுக்கவே முடியாமல், தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே இருந்தானாம். "வாப்பா ஒரு பீடி குடிச்சது இல்ல அங்கிள், துணிக்கடைலதான் வேல பாத்தாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நானும் போன மாதம் நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு ஒரு தோஸ்தைப் பார்க்கப் போனேன். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டிருந்தது. முதுகில் ஊசி போட்டு ஒரு பாட்டில் நிறைய எடுத்தார்கள். எடுத்தவுடனே மனுஷன் மல்லாந்து படுத்துத் தூங்கினான். பார்க்க நன்றாக இருந்தது.

நீ படியில் நின்று மூச்சு வாங்குவது எத்தனை நாளாக? விவரமாக எழுது.

தம்பி நோயல்

*

மேல்மலை மடம்
19 ஜனவரி 2025

சேசு மரி சூசை.

பிரியமுள்ள தம்பிக்கு, புது வருஷம் உனக்கும் ஜானட்டுக்கும் ஆசீராக இருக்கட்டும். இங்கே குளிர் எலும்பில் ஏறுகிறது.

நீ வரமாட்டாய் என்றதும் அழுதுவிட்டேன். அறுபது வயதுக் கன்னியாஸ்திரி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன் என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று.

கமாலைப் பற்றி எழுதியிருந்தாய். நானும் இப்போது உட்கார்ந்துதான் தூங்குகிறேன். இடது பக்கம் யாரோ ஏறி அமர்ந்த மாதிரி இருக்கும். மடத்துக்கு வருகிற டாக்டர் இருமல் மருந்து கொடுத்தார், அப்பம் சுடுவதிலிருந்தும் விடுவித்துவிட்டார்கள். நீ கவலைப்படாதே.

அது சரி, ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தத் தோஸ்து யார்? உன் தோஸ்துகள் எல்லாரையும் எனக்குத் தெரியும். கவரில் விலாசம் ஏன் ஜானட் கையெழுத்தில் இருக்கிறது? உன் எழுத்தும் கோடு விட்டுச் சரிகிறது.

அக்கா எல்சி

*

இராயபுரம்
9 பிப்ரவரி 2025

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பேனா மோசம், அதனால் எழுத்து சரிகிறது. தோஸ்து ஆண்ட்ரூ. போதுமா? போலீஸ்காரி மாதிரி விசாரிக்காதே.

நான் சொல்வதை மட்டும் செய். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடு. இருமல் மருந்து கொடுக்கிற டாக்டரை நம்பிக்கொண்டு இருக்காதே. மாவு, மாவு என்று சொல்லாதே, மாவு மட்டும் இப்படிச் செய்யாது. ஏன் என்று கேட்காதே. தம்பி ஒன்று சொன்னால் செய்யக் கூடாதா? எக்ஸ்ரே எடுத்தேன் என்று ஒரு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

தம்பி நோயல்

*

மேல்மலை மடம்
21 பிப்ரவரி 2025

சேசு மரி சூசை.

பிரியமுள்ள தம்பிக்கு, உங்கள் சுகத்துக்காக அல்லும் பகலும் மன்றாடுகிறேன், நீ பொய் சொன்னாலும் மன்றாடுகிறேன். ஆண்ட்ரூ செத்துப் பல வருஷம் ஆகிறது. காசிமேட்டுக் கல்லறையில் அவனை அடக்கம் பண்ணிவிட்டு வந்து எனக்கு எழுதியவன் நீதான்.

ஆஸ்பத்திரியில் மல்லாந்து படுத்துத் தூங்கியது நீ. எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன வியாதி என்று சொல்ல உனக்கு மனசு இல்லை. சரி, சொல்லாதே. சின்ன வயசிலும் அடிபட்டால் சட்டையைக் கீழே இழுத்து மூடிக்கொள்கிறவன்தானே.

எக்ஸ்ரே எல்லாம் ஈஸ்டர் முடிந்து பார்க்கலாம். மார்ச் ஐந்து சாம்பல் புதன். அன்றிலிருந்து கடிதம் கிடையாது. இந்தத் தவக்காலத்தில் உனக்காக எனக்குப் பிரியமான ஒன்றை ஆண்டவருக்குக் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப் போகிறேன். அது என்ன என்று கேட்காதே. நீ சொன்னாயா, நான் சொல்வதற்கு?

அக்கா எல்சி

*

இராயபுரம்
27 பிப்ரவரி 2025

அக்கா,

நீ கண்டுபிடித்தது சரி. நுரையீரல் உறையில் புற்று. நவம்பரில் சொன்னார்கள். சுகமாக்க முடியாது, நீர் கோக்கக் கோக்க எடுக்கலாம். வாழ்க்கை முழுக்கத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவன், இந்த வியாதி எப்படி வந்தது என்று டாக்டருக்கே புரியவில்லை. "ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தீர்களா? கூரை ஷீட், கப்பல் பாய்லர்?" என்று கேட்டார். இல்லை என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆஃபியா கமால் கதையைச் சொன்னபோதுதான் உறைத்தது. அவன் துணிக்கடை, நான் லாரி. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தது அந்தக் குடோனில் மட்டும்தான். நீ எழுதிய பாய்லர் பஞ்சை டாக்டரிடம் சொன்னேன். அதுதான் ஆஸ்பெஸ்டாஸ் என்றார். அந்தப் பனி கல்நார், அக்கா. நாற்பது வருஷம் கழித்துக்கூட வேலையைக் காட்டுமாம்.

நீ அதற்குள் ஒரு வாரம் படுத்திருந்தாய். மூச்சை அடக்கி அடக்கி இழுத்தாய்.

டிசம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். உன்னைப் பயமுறுத்த மனசு வரவில்லை, என் வியாதியைச் சொல்லாமல் உன்னுடையதைச் சொல்ல வழியும் தெரியவில்லை. ஈஸ்டர் வரை காத்திருக்காதே. நாளைக்கே போ. இடது பக்கம் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றாயே, அது நீர். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஊசியால் எடுத்தால் போய்விடும். வியாதி போகாது, மூச்சு வரும். படுத்துத் தூங்கலாம். மதரிடம் இந்தக் கடிதத்தையே காட்டு.

மடத்துப் போனுக்கு உன்னைக் கூப்பிட மாட்டார்கள், அதனால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். கவர்மேல் அவசரம் என்று சிவப்பில் எழுதியிருக்கிறேன். புதன்கிழமைக்கு முன்னால் வந்து சேரும்.

நோயல்

*

இராயபுரம்
18 மார்ச் 2025

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு, ஈஸ்டர் அன்று இதைப் படிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். என் கடிதம் செவ்வாய்க்கிழமையே மடத்தில் கொடுக்கப்பட்டதாகப் போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள். எனக்குப் பாதி வியாதி போனது மாதிரி இருந்தது. "உங்கொக்கா இன்னேரம் டாக்டரு உயிர வாங்கினு இருக்கும்" என்று ஜானட் சிரித்தாள். பதில் எழுத உனக்கு அனுமதி இல்லை என்று தெரியும், அதனால் தபால்காரனை எதிர்பார்க்கவில்லை. போன வாரம் எனக்கு மறுபடி நீர் எடுத்தார்கள். உனக்கும் எடுத்திருப்பார்கள். வலித்ததா? ஈஸ்டர் முடிந்ததும் வண்டி வைத்துக்கொண்டு வருகிறேன். இரண்டு பேரும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருமலாம்.

தம்பி நோயல்

*

மேல்மலை மடம்
9 ஏப்ரல் 2025

கிறிஸ்துவில் அன்புக்குரிய சகோதரர் நோயல் அவர்களுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் ஆறுதல் உங்களோடு இருப்பதாக. தவக்காலம் என்றாலும் துக்கச் செய்தி என்பதால் எழுதுகிறேன். சிஸ்டர் எல்சி ஏப்ரல் இரண்டாம் தேதி காலை ஆண்டவரில் துயின்ற செய்தியைத் தொலைபேசியில் ஜானட் அம்மாளிடம் சொன்னோம். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்ததால் அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று அறிந்தோம். எங்கள் தோட்டத்துக் கல்லறையில் அவரை வைத்திருக்கிறோம்.

அவர் பாடுகளை மிகப் பொறுமையாகத் தாங்கினார். கடைசி வாரங்களில் படுக்க முடியவில்லை, நாற்காலியிலேயே இருந்தார். பேசவும் மூச்சு போதவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்தோம். "ஈஸ்டருக்கு அப்புறம்" என்று நாட்காட்டியைத் தொட்டு விரலால் மட்டும் காட்டினார்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சாம்பல் புதனுக்கு முந்திய நாள் உங்கள் கடிதம் வந்தது. மேலே அவசரம் என்று இருந்ததால் நானே கொண்டுபோய் நீட்டினேன். அவர் கவரைக் கையில் வாங்கி உதட்டில் ஒற்றி முத்தி செய்து, திரும்ப என்னிடம் தந்தார். "என் தம்பிக்கு உடம்பு சரியில்லை மதர். அவன் கடிதத்தைவிட எனக்குப் பிரியமானது ஒன்றுமில்லை. அவன் சுகத்துக்காக இதைப் படிக்காமல் ஒப்புக்கொடுக்கிறேன். ஈஸ்டர் அன்று தாருங்கள்" என்றார். எங்கள் எல்லாருக்கும் கண் கலங்கியது. பிறகு வந்த கடிதத்தையும் அதோடு வைத்தேன். இரண்டையும் திறக்காமல் இத்துடன் அனுப்புகிறேன்.

உங்கள் உடல் இப்போது எப்படி இருக்கிறது? அவருடைய காணிக்கையின் பலனாக நீங்கள் தேறி வருகிறீர்கள் என்று சகோதரிகள் உறுதியாக நம்புகிறார்கள். ஈஸ்டர் நாளில் அவர்களுக்கு வாசித்துக் காட்ட உங்கள் கையால் ஒரு வரி எழுதி அனுப்பினால் மகிழ்வோம்.

உங்களுக்காக மன்றாடும்,
மதர் ஜூடி

*

இராயபுரம்
24 ஏப்ரல் 2025

மரியே வாழ்க.

மதிப்புக்குரிய மதர் ஜூடி அவர்களுக்கு, இராயபுரம் நோயல் சொல்ல, ஜானட் எழுதுகிறாள். எனக்குப் பேனா பிடிக்க வரவில்லை. மடத்தில் எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். ஈஸ்டருக்குள் பதில் எழுதவில்லை. அன்றைக்கு என்னால் இதை எழுத முடியவில்லை.

என் அக்காவைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட சிஸ்டர்களுக்கு நன்றி. உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. என்மேல் அதைவிட அதிகம் இருக்கிறது. டிசம்பரிலிருந்து இரண்டு மாதம் சாக்குப்போக்காகவே எழுதி அனுப்பினேன். ஒரு வரியை எழுதத் தைரியம் வரவில்லை. அவள் எனக்காக அந்தக் கவரை முத்தி செய்து திருப்பிக் கொடுத்தாள் என்று ஜானட் வாசித்தபோது, இருமலா அழுகையா என்று தெரியாமல் மயங்கிவிட்டேனாம்.

ஆஃபியாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் புத்தகத்தை நிறுத்திவிட்டாள். அன்றைக்குப் பனியில் படுத்திருந்த மற்றவர்களைத் தேடிக் கத்திவாக்கம், திருவொற்றியூர் என்று தெருத்தெருவாக அலைகிறாள். கதவைத் திறக்கிறவர்களிடம் முதலில் இருமல் உண்டா என்று கேட்கிறாளாம். சில வீடுகளில் அவர்கள் போட்டோவுக்கு மாலை போட்டிருக்கிறதாம்.

நீங்கள் ஒரு வரி கேட்டீர்கள். நான் தேறவில்லை மதர். மழைக்காலம் வரை இருப்பேனா என்பதே சந்தேகம். என் அக்கா செத்ததால் நான் பிழைத்தேன் என்று எழுதித் தர மாட்டேன். சிஸ்டர்கள் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, இதையே வாசித்துக் காட்டுங்கள். உங்களில் யாருக்காவது மூச்சு முட்டினால் எந்தக் காலம் என்று பார்க்க வேண்டாம், வண்டி வையுங்கள்.

நீங்கள் திருப்பி அனுப்பிய அவசரக் கடிதத்தை ஜானட் பிரித்து எனக்கே வாசித்தாள். அக்கா அதைப் பிரித்திருந்தாலும் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. நீர் எடுத்திருப்பார்கள். மல்லாந்து படுத்துத் தூங்கியிருப்பாள். எழுந்ததும், இத்தனை நாள் ஏன்டா சொல்லவில்லை என்று என்னைத் திட்டியிருப்பாள். திட்டுகிற அளவுக்கு அவளுக்கு மூச்சு இருந்திருக்கும்.

இப்படிக்கு,
எல்சியின் தம்பி நோயல்